ஒரு லிட்டர்தான் சார்



"அக்கா எப்படி இருக்காங்க சார்?" என்று தினமும் யாராவது வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி என் கட்டைவிரல் வலிக்கிறது. அதனால் நடந்ததை முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஏழாவது பீரியடில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

அக்காவை உங்களில் பாதிப் பேருக்கு நன்றாகவே தெரியும். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, பஸ் நிற்கிற இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்ட இட்லிக் கடை. காசு கொண்டுவராத பையனுக்கும் தட்டில் நாலு இட்லி விழும். 1971-ல் அப்பா இறந்தபோது எனக்கு 12 வயது, அக்காவுக்கு 20. அந்த வருடம் பற்றவைத்த அடுப்பு 2012 வரை எரிந்தது. விடிகாலை மூன்றரைக்கு மூட்டினால் பதினோரு மணிக்குத்தான் அணைப்பார். சவுக்கு விறகு, அது கிடைக்காத நாளில் தென்னை மட்டை, ஐப்பசி கார்த்திகையில் ஈர விறகு. வீட்டுக்குக் கேஸ் வந்த பிறகும் கடைக்கு விறகுதான், ஏனென்றால் கட்டுப்படியாகாது. நான் பி.எஸ்ஸி., பி.எட். படித்த பணம் அந்த அடுப்பிலிருந்து வந்தது. இதை உங்களிடம் வகுப்பில் நான் சொன்னதில்லை.

கடையை மூடும் முன்பே இருமல் இருந்தது. நாங்கள் அதை "புகை இருமல்" என்றோம். பிறகு "இளைப்பு" என்றோம், பிறகு "வீசிங்" என்றோம். கஜா புயல் அடித்தபோது (2018 நவம்பர்) பல நாள் கரண்ட் இல்லை, எங்கும் விழுந்த மரங்கள். விறகுக்கா பஞ்சம்? கொல்லையில் கல்லை வைத்துத் தெருவுக்கே சமைத்தார் அக்கா. அதன் பிறகு குளிக்கப் போய் வந்தால்கூட உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியதாயிற்று. தஞ்சாவூரில் நுரையீரல் மருத்துவரிடம் காட்டினோம். குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "பீடி, சிகரெட், சுருட்டு ஏதாவது உண்டாம்மா?"

"என்னைப் பாத்தா சுருட்டு குடிக்கிறவ மாதிரியா இருக்கு?" என்று அக்கா சீறியது வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. விறகடுப்புல எத்தனை வருஷம் சமைச்சீங்க?"

"நாப்பத்தோரு வருஷம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் விளக்கினார். சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சிகரெட் பிடிப்பவர்களுக்கு மட்டும் வருவதல்ல. நம் நாட்டில் புகையிலையைத் தொடாமலே அடுப்புப் புகையால் இந்த நோய் வந்த பெண்கள் ஏராளம். ஆஸ்துமா போல வந்து முழுதாக விலகிப் போவதும் அல்ல. சுருங்கிய குழாய்கள் சுருங்கியவைதான். மருந்தால் மூச்சை இலகுவாக்கலாம், மேலும் கெடாமல் தடுக்கப் பார்க்கலாம். ஆனால் சளி, காய்ச்சல், புகை என்று ஏதாவது ஒன்று போதும், திடீரென்று முற்றிவிடும். அப்படி ஒவ்வொரு முறை முற்றும்போதும் நுரையீரல் ஒரு படி கீழே இறங்கும், பழைய படிக்குத் திரும்புவது அரிது.

2023-ல் அப்படி ஒருமுறை முற்றி ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். பெயர் வேண்டாம். உயிரைக் காப்பாற்றினார்கள், அதற்கு நன்றி உண்டு. ஆனால் ஐசியுவில் இரவு பகல் தெரியாமல், இறுக்கிக் கட்டிய முகமூடியோடு, எங்கள் யாரையும் பார்க்க முடியாமல் அக்கா குழம்பிப்போனார். செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாகச் சொன்னார்கள். உள்ளே போகும்போது நடந்து போனவர், வெளியே வரும்போது சக்கர நாற்காலியில் வந்தார். மறுபடி கொல்லைவரை நடக்க ஒன்றரை மாதம் ஆனது. வீட்டுக்கு வந்த முதல் இரவு என் கையைப் பிடித்து, "தம்பி, இனிமே என்னை அங்க தூக்கிட்டுப் போகாத. எது வந்தாலும் இந்தக் கட்டில்லயே வரட்டும்" என்றார். நானும் "சரிக்கா" என்றேன். யோசிக்காமல் கொடுத்த வாக்கு.

போன மார்கழியில் அது வந்தது. அரையாண்டு லீவுக்கு வந்த பேரன் சளியோடு வந்தான். அவனுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அக்காவுக்கு மூன்றாம் நாள் சளி பச்சையாக மாறியது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் வழக்கமாக 91, 92 காட்டும். அன்று 86.

காரில் தஞ்சாவூர் போனோம். டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், நிமோனியா இல்லை. மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, கார்பன்-டை-ஆக்சைடு எவ்வளவு தேங்கியிருக்கிறது, ரத்தம் அமிலமாகிவிட்டதா என்று பார்த்தார். கொஞ்சம் தேக்கம் இருந்தது, அமிலமாகவில்லை. அக்கா தெளிவாகப் பேசினார். நான் தயங்கித் தயங்கி 2023 கதையைச் சொன்னேன். டாக்டர், "வீட்ல வச்சே பாக்கலாம், ஆனா நான் சொல்றதெல்லாம் இருந்தா மட்டும்" என்றார். நுரையீரல் வார்டில் வேலை பார்த்த நர்ஸ் தினம் இரண்டு வேளை வர வேண்டும். ராத்திரி யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வேண்டும், கரண்ட் போனால் மாற்ற ஒரு சிலிண்டரும் வேண்டும். காலையும் மாலையும் போனில் அவருக்கு எண்கள் போக வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் அட்மிஷன்தான்.

இது அவராக யோசித்த புது வழி இல்லை. இங்கிலாந்தில் டாக்டராக இருக்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் பிறகு எனக்கு விவரம் அனுப்பினார். எடின்பரோ, லிவர்பூல், பார்சிலோனா போன்ற ஊர்களில் இருபத்தைந்து வருடம் முன்பே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களில் பொருத்தமானவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, நர்ஸ் துணையோடு வீட்டுக்கு அனுப்பிச் சிகிச்சை கொடுத்தார்கள். இப்படி நடந்த 8 ஆய்வுகள், 870 நோயாளிகள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்கள் மறுபடி மருத்துவமனைக்குத் திரும்பியது குறைவு. ஆனால் "தேர்ந்தெடுத்து" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்குத்தான் இது பொருந்தும். மயக்கம், குழப்பம், நிமோனியா, ரத்தம் அமிலமாவது, வீட்டில் ஆள் இல்லாமை, இதில் எது இருந்தாலும் வீடு சரிப்படாது.

நர்ஸுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது என் மனைவிதான் நினைவுபடுத்தினாள். 2003-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண். சென்னையில் நெஞ்சக நோய் வார்டில் பல வருடம், பிறகு வெளிநாட்டில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊரோடு வந்து வீடுகளுக்குப் போய் பார்க்கிறது. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அந்த பேட்ச்காரர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், ஆனால் கமெண்ட்டில் எழுதாதீர்கள். ஒளியியல் பாடத்தில் ரிவிஷன் டெஸ்டில் நான் அதற்கு ஃபெயில் மார்க் போட்டிருக்கிறேன். அதை அது மறக்கவில்லை.

வந்த முதல் நாள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் வாட்சைப் பார்த்தது. நாடி பார்க்கிறது என்று நினைத்தேன். வெளியே வந்து, "மூச்சு 28 இருக்கு சார்" என்றது. மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொன்னால் மனிதர்கள் மூச்சை மாற்றிவிடுவார்களாம். அதனால் நாடியைப் பிடித்தபடி நெஞ்சைப் பார்த்து எண்ணுவது. 34 வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தும் இது எனக்குத் தெரியாது.

பிறகு அக்காவை இன்ஹேலர் எடுத்துக் காட்டச் சொன்னது. இத்தனை வருடமாக அக்கா மருந்தை வாய்க்குள் அடித்து, உமிழ்நீரோடு விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்! மாதம் தவறாமல் நான் வாங்கிக்கொடுத்த மருந்தில் பெரும்பகுதி வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. ஒருவர்கூட அவரைச் செய்யச் சொல்லிப் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை மாட்டி, அடித்து, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி விடுவதற்குப் பழக்கியது. உங்கள் வீட்டில் யாராவது இன்ஹேலர் எடுத்தால் இன்று மாலையே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

மருந்து பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நெபுலைசரில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து நாலு வேளை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டீராய்டு மாத்திரை, ஐந்தே நாள். சளி பச்சையானதால் ஆன்டிபயாடிக். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் தினமும் விரலில் குத்திப் பார்ப்பது. (இதைப் பார்த்து யாரும் கடையில் வாங்கிப் போட வேண்டாம். எங்கள் டாக்டர் எங்கள் அக்காவுக்குச் சொன்னது இது.) மருந்தைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது மற்ற காரியங்கள்தான். ஸ்டூலில் தலையணை வைத்து அதன்மேல் கைகளை ஊன்றி முன்பக்கம் சாய்ந்து உட்கார வைத்தது. அப்படி உட்கார்ந்தால் மூச்சு கொஞ்சம் இறங்குகிறது. உதட்டைக் குவித்து மூச்சு விடச் சொன்னது. அக்காவுக்குப் புரியவில்லை. "பெரியம்மா, ஊதாங்குழல்ல ஊதுவீங்கள்ல, அந்த மாதிரி. ஆனா மெதுவா. அடுப்பு பத்தக் கூடாது" என்றது. அக்கா சிரித்துவிட்டார். அதன்பின் ஒரு தடவைகூடத் தப்பாகச் செய்யவில்லை. உடம்பைக் கெடுத்த அதே ஊதல் இப்போது உதவிக்கு வந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "வீட்டில் வைத்துப் பார்த்தோம்" என்று நான் எழுதுகிறேன். பார்த்தது பெரும்பாலும் என் மனைவி. கஞ்சி வைத்தது, முதுகு தட்டியது, நெபுலைசர் கிண்ணத்தை வேளைக்கு வேளை கழுவிக் காயவைத்தது, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனது எல்லாம் அவள். நான் நோட்டில் எண்கள் எழுதினேன். என் வேலை அதுதான், அதிலும் தப்பு செய்தேன்.

கான்சன்ட்ரேட்டர் மெஷினில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதற்குள் சின்னக் குண்டு ஒன்று மிதக்கும். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அத்தனை லிட்டர் ஆக்சிஜன் நிமிடத்துக்குப் போகிறது என்று அர்த்தம். டாக்டர் சொன்னது ஒரு லிட்டர். ஆக்சிமீட்டரில் 88-லிருந்து 92-க்குள் இருந்தால் போதும், அதற்கு மேலே போக வேண்டாம் என்று நர்ஸும் இரண்டு முறை சொன்னது. மூன்றாம் நாள் இரவு என் முறை. இரண்டு மணிக்குப் பார்த்தால் 87. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 87. கொரோனா காலத்தில் 94-க்குக் கீழே போனால் ஓடு என்று நம் எல்லோர் மண்டையிலும் ஏற்றியிருந்தார்களே, அது மனதில் ஓடியது. அந்த நேரத்தில் யாரையும் எழுப்ப வேண்டாம் என்று குண்டை நாலு லிட்டருக்கு ஏற்றினேன். சில நிமிடத்தில் 97, 98. சந்தோஷமாக நோட்டில் எழுதினேன். வாத்தியார் புத்தி, மார்க் அதிகம் என்றால் நல்லது. அக்கா நன்றாகத் தூங்கினார். மூன்று நாளாக இப்படித் தூங்கவில்லையே என்று போர்வையை இழுத்து விட்டேன்.

ஐந்து மணிக்குக் காப்பிக்கு எழுப்பினேன். எழவில்லை. உலுக்கினேன். கண்ணைத் திறந்து எதையோ முனகிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். கையைத் தூக்கிப் பிடித்தால் பறவை சிறகை அடிப்பதுபோல உதறுகிறது. மீட்டரில் 98!

நர்ஸுக்குப் போன் போட்டேன். நான் பேசி முடிப்பதற்குள், "சார், மெஷின்ல எத்தனை லிட்டர் ஓடுது?" என்று கேட்டது.

நான் பதில் சொல்லவில்லை.

"சார்?"

"நாலு."

"குழாயைக் கழட்டிடாதீங்க சார். ஒண்ணுக்குக் கொண்டு வாங்க. தலையை உசத்தி உக்கார வைங்க. 108-க்கு இப்பவே போன் போடுங்க, நான் கெளம்பிட்டேன்."

"அம்மா, நான் அக்காவுக்கு வாக்கு குடுத்திருக்கேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக மாட்டேன்னு..."

"அந்த வாக்கை அப்புறம் பாத்துக்கலாம் சார். போன் போடுங்க."

நடந்தது என்ன என்று பிறகு டாக்டர் விளக்கினார். இந்த நோயாளிகள் சிலருக்கு உடம்பில் கார்பன்-டை-ஆக்சைடு எப்போதும் கொஞ்சம் தேங்கியே இருக்கும். காற்று சரியாகப் போகாத மூலைகளுக்கு நுரையீரல் தானாகவே ரத்தத்தைக் குறைத்து, நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிட்டிருக்கும். ஆக்சிஜனை அள்ளி ஊற்றினால் அந்த ஏற்பாடு குலைந்து, ரத்தம் மறுபடி அந்த மூலைகளுக்கே போய்விடும். மூச்சை உந்தும் வேகமும் சற்றுத் தளரும். கார்பன்-டை-ஆக்சைடு ஏறும், மயக்கம் வரும். ஆக்சிமீட்டர் ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கிறது, அதனால் அது 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா தீவில் ஆம்புலன்ஸ்களில் வைத்து இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டிருக்கிறார்கள். மூச்சுத்திணறலோடு வந்த 405 பேரில், ஆக்சிஜனை அதிகமாகக் கொடுத்தவர்களில் 9 விழுக்காட்டினரும், 88-92 என்று அளந்து கொடுத்தவர்களில் 4 விழுக்காட்டினரும் இறந்திருக்கிறார்கள். நான் ஏற்றியது வெறும் மூன்று லிட்டர்.

அந்தப் பெண் பனிமூட்டத்தில் ஸ்கூட்டியில் இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவைச் சாய்த்து உட்கார வைத்து, காற்றில் ஓடும் நெபுலைசரை மாட்டி, கன்னத்தில் தட்டி, "பெரியம்மா, ஊதுங்க, ஊதாங்குழல் ஊதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அக்கா கண் திறந்து ஊதிக்கொண்டிருந்தார். மீட்டரில் 90. எனக்கு உடனே ஒரு சபலம். தெளிந்துவிட்டதே, அனுப்பாமல் இருந்துவிடலாமா என்று நர்ஸைப் பார்த்தேன். அது தலையை மட்டும் ஆட்டியது. ஏறினோம். ஆம்புலன்ஸிலும் "ஒரு லிட்டர்தான், ஒரு லிட்டர்தான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது.

தமனி ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு ஏறித்தான் இருந்தது, ஆனால் இறங்கத் தொடங்கியிருந்தது. முகமூடி மெஷின் தேவைப்படவில்லை. ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். இம்முறை ஐசியு இல்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன். மிச்ச நாட்கள் அதே கட்டிலில் கழிந்தன. எட்டாம் நாள் அக்கா தானாகக் கொல்லைவரை நடந்து போய் வந்தார்.

ஆனால் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. வாக்கை மீறியதற்காக என்று நினைத்து, மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதுக்கு யார்ரா கோவிச்சா? அந்தப் புள்ள ஒண்ணுன்னு சொல்லிட்டுப் போச்சு. நீ யாரைக் கேட்டு நாலுக்குத் திருப்புன?"

இப்போது குண்டு ஒன்றில் நிற்கும்படி திருகுமேல் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. நர்ஸ் ஒட்டியது. சுவரில் ஒரு தாளும் எழுதி மாட்டியிருக்கிறது. மேல்பாதியில் "எனக்குப் போன் செய்ய வேண்டியவை": சளி நிறம் மாறினால், நெபுலைசர் போட்டும் இறங்காவிட்டால், 88-க்குக் கீழே போனால், 92-க்கு மேலே போனாலும். கீழ்பாதியில் "எனக்குப் போன் செய்யாமல் நேரே 108": எழுப்பினால் எழவில்லை, பேச்சு குழறுகிறது, உதடு நீலம், உட்கார்ந்த இடத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. என் கையெழுத்தைவிட அதன் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

செலவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: 2023-ல் பில் ஒரு லட்சத்து சொச்சம். இம்முறை எல்லாம் சேர்த்து அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. நர்ஸ் முதலில் காசு வாங்க மறுத்தது. "சார்கிட்டயா?" என்றது. வற்புறுத்திக் கொடுத்தேன். குருபக்தியை நம்பி ஒரு நோயாளியை ஒப்படைக்கக் கூடாது. பெட்ரோல் போட்டுக்கொண்டு, தன் பிள்ளைகளை விட்டுவிட்டு, ராத்திரி ஏழு மணிக்கு வருகிற வேலைக்குக் கூலி உண்டு. எங்கள் தெருவில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல காரியம். மூச்சுக்கும் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் அப்படி வந்தால், என்னைப் போலப் பழைய மாணவியைத் தேடும் அதிர்ஷ்டம் இல்லாதவர்களும் பிழைப்பார்கள். உங்களில் சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் காதில் போட்டுவைக்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் அக்காவைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தாராளமாக வாருங்கள், அக்காவும் எதிர்பார்க்கிறார். சாம்பிராணி, ஊதுவத்தி, சென்ட் வேண்டாம். போகி அன்று காலையில் வராதீர்கள், அன்று நாங்கள் கதவைத் திறக்க மாட்டோம். சளி இருந்தால் வீடியோ காலில் பேசுங்கள். பழம் வாங்காமல் வந்தாலும் பரவாயில்லை. மெஷினை மட்டும் யாரும் தொடாதீர்கள்.